அவளுக்கும் ஓகே

ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதையே நான் மறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஊருக்கெல்லாம் லீவு என்றால் எனக்குக் கடல். இரும்புலியூரிலிருந்து விடியுமுன் கிளம்பி நீலாங்கரை போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆராதனைக்குக் கட்டப் புடவை எடுத்து வைத்துக்கொண்டே அம்மா கேட்பாள், "கடலுக்கு அடியில போய் யாருக்கு ஊழியம் பண்றே?" நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஸ்கூபா டைவிங் கற்றுத் தருவது என் வேலை. கேட்பவர்கள் கண்ணை அகல விரித்து, "செம ஜாப்ங்க" என்பார்கள். அவர்களை அப்படியே கூட்டிக்கொண்டு போய் ஒரு ஞாயிறு சாயங்காலம் வெட்சூட் அலச விட வேண்டும் என்று எனக்குக் கை பரபரக்கும். உடம்போடு ஒட்டிக்கொள்கிற அந்த ரப்பர் உடுப்பில் எத்தனை பேர் என்னென்ன செய்திருப்பார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை. உப்புத் தண்ணீரில் போய் வந்த எதையும் நல்ல தண்ணீரில் அலசாமல் வைக்கக் கூடாது. எங்கள் கடையின் போர்வெல் தண்ணீரோ கடல் தண்ணீருக்குத் தம்பி. ஆகவே கோடை வந்தால், வாயில் கவ்வி மூச்சுவிடும் ரெகுலேட்டர், காற்றடைக்கும் ஜாக்கெட், காலில் மாட்டும் துடுப்பு எல்லாவற்றையும் லாரித் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறோம். குடிதண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஜனங்களைத் தாண்டி அந்த லாரி எங்கள் கடைக்குள் திரும்பும்போது எனக்கு வெட்கமாக இருக்கும்.

புதிதாக வருபவர்களாவது பரவாயில்லை. பயம் இருக்கிறது, சொன்னால் கேட்பார்கள். அட்வான்ஸ்டு கோர்ஸ் என்று வருகிறவர்கள்தான் பாடாய்ப் படுத்துவார்கள். கையில் கம்ப்யூட்டர் வாட்ச், தலையில் கேமரா, காலில் வெளிநாட்டுத் துடுப்பு. தண்ணீருக்குள் ஒரு நிமிடம் அசையாமல் நில் என்றால் மட்டும் முடியாது. தரையை உதைத்துச் சேற்றைக் கிளப்பிவிட்டு, ஒன்றுமே தெரியவில்லை என்று மேலே வந்து குறை சொல்வார்கள். எங்கள் கடல் ஏற்கெனவே ஆறிப்போன டீ மாதிரிதான் இருக்கும். அதையும் கலக்கினால் என்ன தெரியும்?

இப்படி அலுத்துப் போயிருந்த ஒரு வருடத்தில்தான் அந்தத் தம்பதி வந்தார்கள். சேலையூரில் வீடு. அவர் ஒரு வங்கியில் அதிகாரி. அவர் மனைவி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு, வெளிநாட்டில் இருக்கும் மகன் அந்தமானுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, போவதற்கு முன் இதையும் கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்கள் கடையில் பெயர் பதிந்துவிட்டிருந்தான்.

அந்தமானில், டைவிங் தெரியும் என்பதற்கான கார்டு இல்லாமலும் கடலுக்குள் இறங்கலாம். அங்கே உள்ள பயிற்சியாளர் நம் தோளையோ கையையோ பிடித்துக்கொண்டு, கைக்குழந்தையைக் கோயில் சுற்றிக் காட்டுவதுபோலச் சுற்றிக் காட்டிவிட்டு மேலே கொண்டுவந்து விடுவார். கோர்ஸ் முடித்து, நீச்சல் குளத்தில் எல்லாப் பயிற்சியும் செய்து, கடலில் நான்கு முறை இறங்கி ஏறினால்தான் கார்டு. கார்டு இருந்தால் யார் கையையும் பிடிக்க வேண்டாம். இதை முதல் வகுப்பில் நான் சொன்னபோது டீச்சர் மெதுவாக ஒன்று கேட்டார்.

"அப்ப நானா நீந்திப் போகலாமா மேடம்? யாரும் பிடிச்சுக்காம?"

"கார்டு வாங்கிட்டா போகலாம்."

"எனக்கு அதுதான் வேணும்" என்றார். பிறகு அதிகம் பேசிவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு நீச்சல் நன்றாக வரும் என்பது எனக்குக் குளத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சாருக்கு அது அவ்வளவாக வராது. ஆனால் படிவம் வாங்கியது முதல் உடுப்பு அளவு சொல்வது வரை எல்லாவற்றையும் இருவருக்குமாகச் சேர்த்து அவர்தான் பேசினார். "இவளுக்கு மீடியம் போதும் மேடம். இவளுக்குக் காது பிரச்சினை எல்லாம் கிடையாது. இவ காலைல ஒண்ணும் சாப்பிட மாட்டா." கெட்ட மனுஷர் இல்லை. மனைவிக்கு டவல் எடுத்து வைப்பார், ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவருவார். டீச்சரின் வாய் மட்டும் அவரிடம் இருந்தது.

தண்ணீருக்கு அடியில் பேச முடியாது, கைதான் பேச வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்தால் ஓகே. உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. நான் ஒவ்வொருவரையும் பார்த்து ஓகே காட்டிக் கேட்பேன், அவரவர் பதில் காட்ட வேண்டும். சேலையூர்ப் பக்கம் எங்கள் கடை வாடகைக்கு எடுத்திருக்கும் நீச்சல் குளத்தில் முதல் நாள் இதைத்தான் செய்தோம். சாரிடம் கேட்டேன், ஓகே காட்டினார். டீச்சர் பக்கம் திரும்பிக் கேட்டேன். அதற்கும் சாரே கையை நீட்டி, மனைவியைச் சுட்டிக்காட்டி, இன்னொரு ஓகே காட்டினார். அவளுக்கும் ஓகே.

டீச்சர் முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடிக்குள் பாதிக்குத் தண்ணீர் நின்றிருந்தது.

எத்தனையோ வருடங்களாக எத்தனையோ பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். தண்ணீருக்குள் இன்னொருவருக்காகப் பதில் சொன்ன மனிதரை அன்றுதான் பார்த்தேன். மேலே வந்து, "சார், அவங்க பதிலை அவங்கதான் சொல்லணும்" என்றேன். "பழக்கம் மேடம், பழக்கம்" என்று சிரித்தார். டீச்சரும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். மறுவகுப்பிலிருந்து இருவருக்கும் நடுவில் நான் நின்றுகொண்டேன். சார் என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி ஓகே காட்டினார்.

பயிற்சி என்று பார்த்தால் டீச்சரைப் போல ஒரு மாணவி எனக்கு அமைந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி மாட்டச் சொன்னால் மாட்டுவார். வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, அது முதுகுப்பக்கம் போய்விட்டால் கையை வீசித் தேடிப் பிடித்து மறுபடி கவ்விக்கொள்வார். பதற்றம் என்பதே கிடையாது. இவருக்கெல்லாம் கார்டைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு கடலுக்குப் போனோம். படகுக்காரர் நீலாங்கரைக் குப்பத்து ஆள். வருடக்கணக்காக எங்களைக் கொண்டுபோய் விட்டுக் கொண்டுவருகிறார், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் மூவரும் இறங்கினோம். கீழே ஒரு பாறை, அதைச் சுற்றிக் கொஞ்சம் மீன். அன்றைக்குக் கடல் அதிசயமாகத் தெளிந்திருந்தது. சார் ஒரு பெரிய மீனைப் பார்த்துச் சொக்கிப் போயிருந்தார். நான் டீச்சரிடம் காற்று எவ்வளவு இருக்கிறது என்று சைகையில் கேட்டேன். விரல்களால் எண்ணைக் காட்ட வேண்டும். அவர் ஓகே என்று காட்டினார். மறுபடி கேட்டேன். மறுபடி ஓகே. ஏதோ உறுத்தியது. அவருடைய காற்று மீட்டரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டுக்குள் போய்ச் சாய்ந்திருந்தது.

இருவரையும் முறைப்படி மேலே கொண்டுவந்து படகில் ஏறும்வரை நான் பயப்படவில்லை. ஏறிய பிறகுதான் பயம் பிடித்தது. டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"மீட்டரைப் பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன் மேடம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எல்லாரும் மீனைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அவரும் ரொம்ப ஆசையாப் பார்த்துக்கிட்டு இருந்தார். என்னால எதுக்கு எல்லாரும் மேல வரணும்னு…"

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அங்கேயே செத்துப் போயிருப்பீங்க என்றுகூடச் சொன்னேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சார், "விடுங்க மேடம், அவ எப்பவும் அப்படித்தான்" என்றார்.

படகுக்கார அண்ணா இன்ஜினைக் கிளப்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா மேடம், அந்தம்மாவ அழ வச்சிகினு கீறியே. பாவம், பயந்து பூட்ச்சி."

"அவங்க பயப்படலண்ணா. அதான் எனக்குப் பேஜாரா இருக்கு" என்றேன்.

அன்றைக்கு இரண்டாவது முறை இறங்கியபோது மீட்டரை என் கையிலேயே பிடித்துக்கொண்டேன். ஒரு தொந்தரவும் இல்லாமல் முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபோது எனக்கு நிம்மதியில்லை. நன்றாக நீந்துகிறார், எல்லாம் செய்கிறார். எதுவும் சரியில்லை என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒருவருக்குக் கார்டைக் கொடுத்து, யார் கையும் பிடிக்காமல் அந்தமான் கடலில் இறக்கிவிடலாமா?

வாரத்தின் நடுவில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் டீச்சரை மட்டும் குளத்துக்கு வரச் சொன்னேன். நெஞ்சளவுத் தண்ணீரில் உட்காரவைத்து, அவருடைய துடுப்பின் பட்டையைக் கழற்றிவிட்டு ஓகேவா என்று கேட்டேன். ஓகே. கண்ணாடியை இழுத்துத் தண்ணீரை உள்ளே விட்டேன். ஓகே. கடைசியில், எங்கள் பயிற்சியில் உள்ளதுதான், சிலிண்டரின் வால்வைப் பின்னாலிருந்து மெல்ல மூடினேன். காற்று வராது. அப்போது கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்ட வேண்டும், நான் உடனே என் காற்றைக் கொடுப்பேன். டீச்சர் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார், வரவில்லை. என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குள் அந்தக் கண்கள் பெரிதாகத் திறந்திருந்தன. விரல்களை வட்டமாகச் சேர்த்து ஓகே காட்டினார்.

நான் அவரைத் தூக்கி நிறுத்தினேன். இருவரும் படியில் போய் உட்கார்ந்தோம்.

"ஏன் டீச்சர்?"

"கொஞ்ச நேரம் சமாளிக்கலாம்னு நெனச்சேன்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பேசினார். "வீட்ல எனக்குக் காய்ச்சல் வந்தா, போனதுக்கு அப்புறம்தான் மேடம் சொல்வேன். எல்லாருக்கும் சிரமம். அப்படியே பழகிடுச்சு."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அசதியாக இருந்தது. எனக்கும் இடது காதில் மாதக்கணக்காக ஒரு ரீங்காரம் இருந்தது. முதலாளி கேட்டால் ஒன்றுமில்லை சார் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை டீச்சரிடம் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருப்பதைச் சொன்னேன். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், போதும் என்று சொல்லலாம். படகிலும் சொல்லலாம், பாதித் தண்ணீரிலும் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் ஏன் என்று கேட்கக் கூடாது. எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவராக இருந்தாலும், முனகாமல் கூடவே மேலே வந்துவிட வேண்டும்.

"ஏன்னு கேக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"கேக்கக் கூடாது."

டீச்சர் துண்டை மடித்துப் பையில் வைத்தார். பிறகு பள்ளிக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறும் அவர்கள் காரிலேயே போனேன். போன வாரமும் அப்படித்தான். வழியில் என்னை ஏற்றி இறக்கிவிடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அந்தமான் விமானத்துக்கு இன்னும் சில நாள்தான். இரண்டு முறை இறங்கி ஏறினால் இருவருக்கும் கார்டு. மூன்றாவது டைவில் டீச்சர் பாதிக் காற்று தீர்ந்ததும் என் கையைத் தட்டி, விரல்களால் சரியான எண்ணைக் காட்டினார். எனக்குத் தண்ணீருக்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று முடிந்துவிட்டது, இன்னும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

மேலே வந்து இளைப்பாறும் நேரத்தில் காற்று எழும்பியது. படகு ஆட ஆரம்பித்தது. சார் ஓரமாகக் குனிந்து காலை டிபனைக் கடலுக்குக் கொடுத்தார். என் காதில் ரீங்காரம் கூடியிருந்தது. சிலிண்டர்களை மாற்றி, ஜாக்கெட்டுகளைக் கட்டி, எல்லாம் தயார். இருபது நிமிடம் கீழே போய்விட்டு வந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்பதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் இல்லை. சார் வாயைக் கொப்பளித்துவிட்டு, "போலாம் மேடம், ரெடி" என்றார்.

டீச்சர் துடுப்பை மாட்டவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"நான் வரல மேடம்."

"வருவா, வருவா" என்றார் சார். "சும்மா சொல்றா."

"இல்ல. நான்தான் சொல்றேன். வரல."

நான் வாயைத் திறந்துவிட்டேன். இருபதே நிமிஷம் டீச்சர், இதுதான் கடைசி, கார்டு வேண்டாமா, யார் கையும் பிடிக்காமல் போகணும்னு சொன்னீங்களே. எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் களைத்திருந்தேன், எனக்கு அது முடிய வேண்டியிருந்தது. டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குளத்துப் படியில் நான் சொன்னது உண்மையா என்று அவர் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. "சரி டீச்சர்" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சார் விடாமல் கேட்டார். ஏன், என்ன ஆச்சு, தலை சுத்துதா, பயமா, பையன்கிட்ட என்ன சொல்றது? டீச்சர் துடுப்பை எடுத்து ஓரமாக வைத்தார். படகுக்கார அண்ணாதான் கடைசியில் குறுக்கே வந்தார். "சார், அந்தம்மா வரலன்னா வுடு. நீ எறங்கறதுன்னா எறங்கு, காத்து ஏறிகினு கீது."

சாரும் நானும் மட்டும் இறங்கினோம். கீழே போய் நின்றதும் வழக்கம்போல் அவரிடம் ஓகேவா என்று கேட்டேன். ஓகே என்றார். பிறகு கை தானாகப் பக்கத்தில் நீண்டு, யாருமில்லாத தண்ணீரைச் சுட்டிக்காட்டி, இன்னொரு ஓகே காட்டியது. அடுத்த நொடியே கையை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பெரிய மீன் ஒன்று பக்கத்தில் வந்தபோதும் அவர் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

மேலே வந்தபோது டீச்சர் கூந்தலைப் பிரித்து உலர்த்திக்கொண்டு, அண்ணாவின் பையிலிருந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். சார் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்து, என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் பேசினார். "மேடம், மூணு டைவ் நல்லாத்தானே பண்ணியிருக்கா. நாலாவதும் போனான்னு போட்டுடுங்களேன். இவளுக்கு அந்தக் கார்டு மேல ரொம்ப ஆசை."

நான் பதில் சொல்வதற்கு முன்னால் டீச்சர் சொன்னார். "வேணாம் மேடம். போகாததைப் போனேன்னு போட வேணாம்."

"அப்ப அந்தமான் வந்து என்ன பண்ணுவே?" என்றார் சார்.

"கரைல உட்காருவேன். இல்லன்னா அங்கயே இன்னொரு தடவை எறங்கி முடிச்சிக்குவேன். அப்ப எனக்கு என்ன தோணுதோ."

கார்டு இல்லாமல் போகிற ஒரு மாணவியைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது அந்த ஒரு தடவைதான். கூடவே வருத்தமாகவும் இருந்தது. அவ்வளவு நன்றாக நீந்துகிறவர். மூன்று முடிந்தது, ஒன்று பாக்கி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அங்கே காட்டுங்கள் என்று கொடுத்தேன்.

திரும்பும்போதும் அவர்கள் காரில்தான். டீச்சர் முன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நான் பின்னால், நனைந்த பைகளோடு. சோழிங்கநல்லூரில் திரும்பி, பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளைத் தாண்டி, ஒரு சிக்னலில் கார் நின்றது. முன்னால் தண்ணீர் லாரி ஒன்று ஒழுகிக்கொண்டு நின்றது. சார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"அவளுக்குப் பயமா இருந்துச்சா மேடம்? உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"எனக்குத் தெரியாது சார். அவங்களையே கேளுங்க."

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "கேட்டுக்கிட்டுத்தான் மேடம் இருந்தேன், கல்யாணமான புதுசுல. எதைக் கேட்டாலும் ஒண்ணும் இல்லம்பா, எனக்குச் சரிம்பா. எத்தனை நாள் கேக்கறது? அப்புறம் நானே சொல்ல ஆரம்பிச்சிட்டேன்."

டீச்சர் தூங்கியிருக்கவில்லை. கண்ணைத் திறக்காமல், "இப்பக் கேளுங்க" என்றார்.

சிக்னல் பச்சையாகி லாரி நகர்ந்துவிட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. சார் காரை எடுக்காமல் மனைவியின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.